திறக்கும் முன் அளந்து பார்க்கும் பட்டறை: வேலூரில் பழைய கார் வைத்திருப்போருக்காக

வேலூர் சத்துவாச்சாரியில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை போட்ட கொட்டகை, நாலு கார் நிற்கும் அளவுக்கு இடம், ஓரமாக ஒரு கம்ப்ரஸர், சுவரில் அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்கள், அவ்வளவுதான். நடத்துபவரை அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். அம்பாசடரும் பத்மினியும் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். பத்து வயதைத் தாண்டிய, கையால் கியர் மாற்றும் பெட்ரோல், டீசல் கார்களே இங்கு பெரும்பாலும் வருகின்றன. என்னுடைய 2009ஆம் ஆண்டு சான்ட்ரோ ஜிங்கின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இங்கே சரிசெய்துகொண்ட அனுபவத்தை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என்ன கோளாறு என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு பாகத்தையும் மாற்றக் கூடாது என்பதைத் தொழில் ஒழுக்கமாக வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் நம் ஊரில் இருக்கிறார் என்பது பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

பழைய காருக்குச் செலவு செய்வது எளிதில் எடுக்கக்கூடிய முடிவு இல்லை. சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணமே ரூ. 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. இதையெல்லாம் கட்டி முடித்து, டி.என். 23 எண் பலகையோடு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று இருந்தபோதுதான் கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தது, அதாவது சீராக ஓடாமல் விட்டு விட்டு ஓடியது. காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடியதே தவிர வண்டி இழுக்கவில்லை. கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே போனது. இரண்டாம் கியர் விழும்போது கரகரவென்று பல் உரசியது.

இதற்கு முன் காட்டிய வேறொரு பணிமனையில் முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். பிறகு பிளக் ஒயர்களை மாற்றினார்கள். அதன் பிறகு இக்னிஷன் காயிலையும் மாற்றினார்கள். மிஸ்ஸிங் அப்படியே இருந்தது. கடைசியில், இன்ஜினை இறக்கி, சிலிண்டர் துளையைக் கடைந்து (போர் செய்து) புது பிஸ்டன் போட வேண்டும், கியர்பாக்ஸும் போய்விட்டது, வேறு பழைய கியர்பாக்ஸ் வாங்கி மாட்டிவிடலாம் என்று சொல்லி, வண்டியை விற்றாலும் கிடைக்காத ஒரு தொகையை எஸ்டிமேட்டாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பாயிடம் நீட்டியபோது அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. “வண்டி இன்னா பண்ணுதுன்னு நீங்க சொல்லுங்க சார், பேப்பர் அப்புறம் பாக்கலாம்” என்றார்.

அவர் கேட்ட கேள்விகளிலிருந்தே வேலை தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். மிஸ்ஸிங் குளிர்ந்த இன்ஜினில் மட்டுமா, சூடான பிறகும் உண்டா? புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம், ஸ்டார்ட் செய்தவுடனா அல்லது ஏற்றத்தில் மிதிக்கும்போதா? ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? கூலன்ட் ஊற்றுகிறீர்களா, போர்வெல் தண்ணீரா? கடைசியாகக் கியர் ஆயில் மாற்றியது யார், என்ன ஆயில் போட்டார்கள்? இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் நீலப் புகை தள்ளி அடங்கினால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். மிதிக்க மிதிக்க நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்தால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் பக்கம் பார்வை போக வேண்டும். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. என் வண்டியில் காலையில் மட்டும் லேசான நீலம் இருந்தது. அதைச் சொன்னதும் தலையை ஆட்டி வைத்துக்கொண்டார். ஆனால் அதை வைத்தே எந்த முடிவுக்கும் வரவில்லை.

முதலில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தார். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் இணைப்பை ஒரு கணம் துண்டித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றைத் துண்டித்தபோது இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதைத் துண்டித்தபோது எந்த மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல்தான் இருந்தது என்று பொருள். இதை நீண்ட நேரம் செய்யக் கூடாது, எரியாத பெட்ரோல், புகைக் குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிவிடும் என்று வேலை கற்றுக்கொள்ளும் தம்பியிடம் சொன்னார். பிறகு மூன்றாவது சிலிண்டரின் பிளக்கையும் ஒயரையும் கழற்றி இரண்டாவதில் மாட்டினார். மிஸ்ஸிங் இடம் மாறவில்லை, மூன்றிலேயே நின்றது. ஆக, பிளக் தரும் தீப்பொறியில் குறை இல்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். நான்கும் ஒரே மாதிரி டிக் டிக்கென்று அடித்தன. என் காதிலும் வைத்துக் கேட்கச் சொன்னார். முந்தைய இடத்தில் வாங்கிப் போட்ட பிளக், ஒயர், காயில் அத்தனையும் தேவையில்லாத செலவு என்பது பாகம் எதையும் புதிதாக வாங்காமல், வண்டியில் இருப்பதையே இடம் மாற்றிப் போட்டதில் தெரிந்துவிட்டது.

அடுத்து, இன்ஜின் காற்றை உறிஞ்சும் அளவைக் காட்டும் வேக்குவம் கேஜை, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினார். நல்ல இன்ஜினில் ஐடிலிங்கின்போது முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவு) ஆடாமல் நிற்க வேண்டும். இங்கே முள் 18 அருகில் நின்று, ஒரே சீரான இடைவெளியில் கீழே சரிந்து சரிந்து எழுந்தது. தாறுமாறாக ஆடினால் பொறியையோ பெட்ரோல் கலவையையோ சந்தேகிக்கலாம். ஒழுங்கான தாளத்தில் விழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்பதற்கு அறிகுறி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கருவி எத்தனை பட்டறைகளில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டை எடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரமாக எடுத்தால் அதுவே தவறான முடிவுக்கு இட்டுச் சென்றுவிடும். இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தினார். நான்கு பிளக்கையும் கழற்றினார். பெட்ரோலும் பொறியும் வராதபடி இணைப்புகளைப் பிரித்தார். பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். என்னை ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு நேரம் செல்ஃப் அடித்தார். சுவரில் சாக்பீஸால் எழுதிய அளவுகள் இவை: ஒன்றில் 165 பி.எஸ்.ஐ., இரண்டில் 160, மூன்றில் 105, நான்கில் 160. சிலிண்டர்களுக்கு இடையே பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது அதையெல்லாம் தாண்டிக் கீழே இருந்தது. இந்த இடத்தில்தான் பலர் ரிங் போய்விட்டது, போர் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். பாய் மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடியும் அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் நன்றாக ஏறியிருக்கும். முள் 110க்கு மேல் போகவில்லை. கரண்டி ஆயிலுக்கு மேல் ஊற்றினால் இடம் அடைபட்டுப் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதையும் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே செய்தார்.

அதோடு விடவில்லை. மூன்றாவது பிஸ்டனை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வு பக்கமும் மூடியிருக்கும் நேரத்தில், பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டார். காற்று எங்கே தப்பித்துப் போகிறதோ அங்கேதான் கோளாறு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தால் பெரிய சத்தம் இல்லை, ரிங் தப்பித்தது. ரேடியேட்டரில் குமிழி இல்லை. ஹெட் கேஸ்கட் தப்பித்தது. ஏர் ஃபில்டர் பக்கம் அமைதி. இன்டேக் வால்வும் நன்றாக இருந்தது. சைலன்சர் முனையில் உஸ்ஸென்று காற்று வந்தது. கோளாறு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வில். கையை வைத்து நானே உணர்ந்தேன். இன்ஜினின் அடிப்பாகத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும் என்ற முடிவு ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. இந்தப் பரிசோதனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் வாங்கியது ரூ. 1,200. இதற்கெல்லாமா காசு என்று கேட்பவர்கள் உண்டு என்று சிரித்தபடியே சொன்னார். என்னைப் பொறுத்தவரை, முழு பில்லிலும் மிகச் சரியாகச் செலவான பணம் அதுதான்.

சூடாகும் பிரச்சினையை இதோடு சேர்த்துக் குழப்பாமல் தனியாக எடுத்துக்கொண்டதும் பாராட்ட வேண்டிய விஷயம். கூலிங் சிஸ்டத்தைக் கை பம்பால் அழுத்திப் பார்த்தார். அழுத்தம் இறங்கவில்லை, எங்கும் ஒழுகவில்லை. ஃபேன் சரியான நேரத்தில் ஓடியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார், திறந்தது. பிறகு கொரோனா காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வகை தெர்மாமீட்டரை எடுத்து ஓடும் இன்ஜினின் ரேடியேட்டர் முழுக்கக் கட்டம் கட்டமாக அளந்தார். மேல் பகுதி கொதித்துக்கொண்டிருக்க, கீழ் ஓரத்தில் ஒரு பெரிய பகுதி மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவே இல்லை. பாலாற்றுப் படுகையில் நாம் போர்வெல்லிலிருந்து எடுக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வீட்டுக் குழாய் முனையில் படியும் வெள்ளை உப்பைப் பார்க்கும் எவருக்கும் தெரியும். அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. வண்டியை எனக்கு முன் வைத்திருந்தவர் பல ஆண்டுகள் கூலன்ட் இல்லாமல் வெறும் போர்வெல் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார். ரேடியேட்டர் புதிதாகப் போட வேண்டியிருந்தது. கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றிய பிறகுதான் மூடினார். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் கூலன்ட் தேவையா என்று கேட்பவர்கள், அது குளிருக்கு மட்டும் ஊற்றுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொதிநிலையை உயர்த்துவதும் துரு பிடிக்காமல் காப்பதும் அதன் வேலைதான்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் அவர் காட்டிய நிதானம் எனக்கு இன்ஜினைவிடவும் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் கியர் உரசுகிறது என்றதும், கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோனைசர் ரிங் போய்விட்டது என்று சொல்வது சுலபம். அவர் முதலில் பார்த்தது ரிவர்ஸ் கியரை. வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை முழுவதும் மிதித்து, சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் போட்டார். அதுவும் உரசியது. கிளட்ச் முழுமையாக விட்டிருந்தால் அந்தச் சில விநாடிகளில் உள்ளே சுழலும் தண்டு நின்றிருக்க வேண்டும். உரசுகிறது என்றால் மிதித்த பிறகும் கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஹேண்ட்பிரேக்கை ஏற்றி, நான்காம் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி கிளட்ச்சை விட்டார். இன்ஜின் உடனே அணைந்திருக்க வேண்டும். அது ஒரு கணம் உறுமிவிட்டுத்தான் அணைந்தது. விட வேண்டிய நேரத்தில் விடாமலும், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமலும் இருந்தது அந்தக் கிளட்ச். மேம்பாலத்தில் வண்டி இழுக்காமல் சத்தம் மட்டும் கூடியதற்கு மூன்றாவது சிலிண்டர் பாதிக் காரணம், கிளட்ச் மீதிக் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. பழைய வண்டிகளில் கோளாறைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதற்கு இதுவே சரியான உதாரணம்: வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாக இருக்கும், உள்ளே காரணம் இரண்டாக இருக்கும், ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்பினால் குறை பாதியில் நிற்கும், வாடிக்கையாளரும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் நம்பாமல் போவார்கள்.

சத்தங்களையும் பிரித்துக் காட்டினார். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது ஊளைச் சத்தம் வந்து, மிதித்தால் நின்றால், அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். என் வண்டியில் மிதித்தபோதுதான் வந்தது. கியர் ஆயிலை வடித்தபோது அது இந்தப் பெட்டிக்கு உரியதைவிடக் கெட்டியாக இருந்தது. யாரோ லாரிக்கு ஊற்றும் 90 கிரேடு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்துக் காட்டினார்: மை போன்ற சாம்பல் நிறப் பசை, அவ்வளவுதான். உலோகத் துணுக்குகளோ பல் உடைந்த துண்டுகளோ இருந்திருந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். இந்தப் பசை சாதாரணத் தேய்மானம். “பெட்டி நல்லாத்தான் கீது சார், தொடவே வேணாம்” என்றார். ஜி.எல்.-4 தரத்தில் 75டபிள்யூ-85 ஆயிலை ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஊற்றினார். ஜி.எல்.-5 என்று எழுதியிருப்பது உயர்ந்தது என்று நினைத்து வாங்கக் கூடாது, அதில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ ரிங்குகளுக்கு ஆகாது என்று சொன்னதைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஹெட்டை இறக்கிய அன்று நான் கூடவே இருந்தேன். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் ஒரு பக்கம் எரிந்து, நகம் போகும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நேர்கம்பியையும் ஃபீலர் கேஜையும் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லேத்துக்கு அனுப்பினார். லேத்திலிருந்து திரும்பி வந்ததை அப்படியே நம்பி மாட்டவில்லை. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து போர்ட்டுகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றில் லேசாகக் கசிந்திருந்தது. அந்த ஒரு வால்வை மட்டும் மறுபடி கழற்றி, பசை தடவிக் கையால் உருட்டி உருட்டி உட்கார வைத்த பிறகு இன்னொரு முறை மண்ணெண்ணெய் ஊற்றினார். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும் வரிசையில், படிப்படியாக டார்க் ரெஞ்ச்சால் முறுக்கினார். கை அளவே போதும் என்று நினைக்கும் அனுபவசாலிகள் நிறைய இருக்கிறார்கள். இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் இவர் கருவியைத்தான் நம்புகிறார். வால்வு சீல்கள் புதிது, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் புதிது. ஹெட்டை இறக்கினால் பெல்ட்டை எப்படியும் கழற்றத்தான் வேண்டும்; பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டி, அது வழியில் அறுந்து வால்வுகளை வளைத்தால் செய்த வேலை முழுவதும் வீண்.

பெட்ரோல் ஹோஸ்களையும் அவர் மாற்றச் சொன்னார். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. என் வண்டியின் ஹோஸை மடித்துக் காட்டியபோது மேல் பரப்பில் வெடிப்புகள் தெரிந்தன. சூடான இன்ஜினுக்கு மேலே போகும் குழாய் அது. சிறிய செலவு, இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வேலை முடிந்தபின் அளந்தபோது மூன்றாவது சிலிண்டர் 160க்கு வந்திருந்தது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிது. பழைய பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்ததைக் காட்டித்தான் மாற்றினார். மொத்த பில் ரூ. 34,000ஐ ஒட்டி வந்தது. மாற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும், புதியவற்றின் பெட்டிகளோடு, டிக்கியில் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் குடும்பத்தோடும் ஏசியோடும் ஏறிப் பார்த்துவிட்டேன். டெம்பரேச்சர் முள் நடுக் கோட்டைத் தாண்டவில்லை. காலையில் முதல் சில நிமிடங்களில் இரண்டாம் கியர் இன்னும் லேசாக முரண்டு பிடிக்கிறது. சின்க்ரோ ரிங் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது, ஆயில் சூடானதும் சரியாகும், அதற்காகப் பெட்டியைப் பிரித்தால் பேரிங்குகளும் சேர்த்து மாற்ற வேண்டி வரும், சத்தம் வராத வரை ஓட்டுங்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னபடியே இருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் குறை நேரம். ஒரு நாள் சொன்னால் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். லேத் வேலை இவர் கையில் இல்லை, சில பாகங்கள் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்பது நியாயமான காரணம்தான்; ஆனால் தாமதமாகும் என்பதை அவராகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். வேலை நேரத்தில் போனை எடுக்கவும் மாட்டார். அன்றாடம் வண்டியை நம்பி காட்பாடிக்கோ இராணிப்பேட்டைக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு இது உண்மையான சிரமம். இரண்டாவது, பில் ஒரு நோட்டுத் தாளில் கையால் எழுதியது. ஜி.எஸ்.டி. பில் வேண்டும் என்றால் ஸ்பேர்ஸை நாமே கடையில் வாங்கிக் கொடுப்பதுதான் வழி. அதற்கு அவர் மறுப்புச் சொல்வதில்லை, எந்தக் கம்பெனிப் பாகம் வாங்க வேண்டும், போலி என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று எழுதியே தருகிறார். உட்கார நிழலான இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பட்டறை மூடியிருக்கும்.

மூன்றாவது விஷயத்தைக் குறையாகச் சொல்வதா என்று தெரியவில்லை, எல்லையாகச் சொல்லலாம். புது வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸ் இவருடைய களம் இல்லை. கையில் இருப்பது, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஒரு சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர்தான். நம் நாட்டில் 2013 ஏப்ரலில் ஓ.பி.டி.-2 கட்டாயமாவதற்கு முன் வந்த பல கார்களில் அந்தப் பொது ஸ்கேனர்கள் ஒழுங்காகப் பேசுவதும் இல்லை. பேசும் வண்டிகளில் கூட, பி0303 என்று திரையில் வந்தால் அது மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்பதை மேலே சொன்ன மாதிரி கையால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களை இவர் தொடுவதே இல்லை. 2014இல் செலிரியோவோடு வந்த, கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் ஏ.எம்.டி. வகை வண்டிகளும் இப்போது வயதாகி இங்கே வரத் தொடங்கியிருக்கின்றன. நான் இருந்தபோதே அப்படி ஒரு வண்டி வந்தது. கிளட்ச் தேய்மானம் வரைதான் என்னால் பார்க்க முடியும், ஆக்சுவேட்டரும் அதன் கம்ப்யூட்டரும் எனக்குத் தெரியாது என்று சொல்லி, தெரிந்த வேறோர் இடத்துக்கு வழி சொல்லி அனுப்பினார். பணம் எதுவும் வாங்கவில்லை.

புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றிக் கொடுங்கள், எஃப்.சி. முடியும் வரை ஓடினால் போதும் என்று கேட்டு வருகிறவர்களையும் அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். வண்டியை விற்கும் முன் ஒப்பேற்ற நினைப்பவர்களுக்கு இது ஏற்ற இடம் இல்லை. அதே போல, வண்டியின் மதிப்புக்குச் செலவு தாங்காது என்று தெரிந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். அடியில் துருப்பிடித்துப் போன ஒரு பழைய மாருதி 800ஐ அப்படித்தான் இன்ஜினைப் பார்க்காமலேயே வேண்டாம் என்றார். இன்ஜினைச் சரிசெய்து என்ன பயன், தூக்கி நிறுத்த ஜாக்கி வைக்கவே இடமில்லையே என்பது அவர் கேள்வி.

இங்கே போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. வண்டியைக் காலையில் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அது சூடாகித்தான் போய்ச் சேரும், குளிர்ந்த இன்ஜினில் மட்டும் தெரியும் கோளாறுகள் மறைந்துவிடும். முந்தின நாள் மாலையே கொண்டுபோய் விட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டை அவரே அடித்துப் பார்ப்பார். அதற்கு முன் இன்ஜினைக் கழுவவோ ஆயில் மாற்றவோ வேண்டாம். கசிவு எங்கிருந்து வருகிறது, பழைய ஆயில் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவை. இதுவரை மாற்றிய பாகங்களின் பில்கள் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியாக இருந்தால் தூரத்திலிருந்து ஓட்டி வருவதைவிட, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் டோ வண்டியில் ஏற்றி வருவது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு நல்லது. அது போய்விட்டால் வாங்கும் விலை இந்த பில்லில் பாதிக்கு மேல் வரும் என்று அவரே எச்சரிக்கிறார்.